தெருமுனையில் அப்பா

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

வருகிற பதினேழாம் தேதி எனக்குப் பதினாறு வயது. தோழி அஃப்ஷாவும் நானும் வகுப்பில் இன்னும் இரண்டு பேரும் அமிர்தி அருவிக்குப் போய் அங்கேயே கேக் வெட்டலாம் என்று ஆசை. அப்பா தறியிலிருந்து நிமிரக்கூட இல்லை.

"பொம்பளப் புள்ளைங்க தனியாவா? போய் வேலயப் பாரு."

போன மாதம் ராகுல் தோஸ்துகளோடு அதே அமிர்திக்குப் போய் வந்தான். என் தம்பி! அவனிடம் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மத்தியானம் சாப்ட்டியா?"

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சரி, அருவி வேண்டாம். அஃப்ஷா வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அதற்கும் அம்மா, "கடைசித் தெரு பொண்ணு போன வருஷம் இன்னா பண்ணா? பர்த்டேக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான போனா?" என்கிறாள்.

அவள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் போனதற்கு நான் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

அவமானம். அவமானம். அப்பா அஃப்ஷாவின் அம்மாவுக்கே போன் போட்டு, "பசங்க யாராச்சும் வர்றாங்களா?" என்று விசாரித்திருக்கிறார். அஃப்ஷா அதை வகுப்பில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "எங்க அண்ணன அன்னிக்கு வெளிய அனுப்பிட்றோம்டி, உங்கப்பாவ பயப்படாம இருக்கச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். "என் மேல நம்பிக்க இல்லன்னா இல்லன்னு சொல்லிடுப்பா!"

"உன் மேல இருக்கு. ஊர் மேலதான் இல்ல."

ஊரை அடைத்துவைக்க முடியாது. அதனால் என்னை அடைத்துவைக்கிறார்கள். இது என்ன நியாயம்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

யாரிடமும் பேசவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

அஃப்ஷாவின் அம்மா ஃபரீதா ஆன்ட்டி நேரிலேயே வந்தார். "எனக்கும் பொண்ணு இருக்கு கமலவேணி. என் வூட்ல வுட மாட்டியா?" என்று அம்மாவிடம் கேட்டார். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அப்பாவே கொண்டுபோய் விடுவார், அப்பாவே கூட்டி வருவார். இருட்டுவதற்குள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கொண்டுவந்து விட்ட அப்பா திரும்பிப் போகவே இல்லை. ஜன்னல் வழியாக அஃப்ஷாதான் முதலில் பார்த்தாள். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஃபரீதா ஆன்ட்டி போய்க் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கேக்கில் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினேன்.

"இன்னாப்பா இது?"

"சும்மாதான். நீ போய் கேக் வெட்டு. நான் இங்கதான இருக்கேன்."

"நீ இங்க இருக்கறதுதான் பேஜாரா இருக்கு! நான் இன்னா திருடியா, காவலுக்கு உக்காந்திருக்க? ஓடணும்னா டெய்லி ஸ்கூலுக்குப் போறனே, அப்பவே ஓடியிருப்பேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அறையப் போகிறார் என்றே நினைத்தேன். அப்பா என் வெறுங்காலைப் பார்த்தார்.

"எப்டி வருவ?"

"நடந்து."

உடனே வண்டியைக் கிளப்பவில்லை. காலாலேயே தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போனார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் கிளப்பினார்.

உள்ளே வந்தபோது கேக் மேலெல்லாம் மெழுகு. வெட்டினேன். பாடினார்கள், ஆடினோம். ரொம்ப நன்றாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பாதி நேரம், வீட்டில் என்ன நடக்குமோ என்றே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் அப்பாவும் அம்மாவும் பழக்கிவைத்ததுதான்!

நடந்தே வந்தேன். அப்பா எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

டியூஷனுக்குக் கிளம்பினேன். எப்போதும் வண்டியில் கொண்டுபோய் விடும் அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஷேர் ஆட்டோல போய்டு. எறங்கனதும் போன் பண்ணு" என்றார்.

நான் இறங்குவதற்குள் அவரே போன் செய்துவிட்டார். ஆட்டோவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது.

"இன்னும் எறங்கலப்பா. வெச்சிடு."

வைத்துவிட்டார்.