படத்தில் வந்த சொல்

என் பிடிவாதக்காரனுக்கு,

உங்கள் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றிய படத்தை நேற்று படைத்தள மன்றத்தில் போட்டார்கள். பக்கத்து வீட்டு ராயாதான் இழுத்துப் போனாள். நீயாக நடித்த அழகன் மனைவியைக் கட்டிக்கொண்டு, "இதுதாண்டி என் கடைசிப் பயணம்" என்றான்.

"எந்த நீர்மூழ்கிக்காரன்டி அந்த வார்த்தையச் சொல்லுவான்?" என்று ராயா கத்தினாள். மாலுமிகளின் மனைவிகள் நாங்கள் எல்லோருமே சிரித்துவிட்டோம்.

கடைசி ரொட்டித் துண்டு என்றால்கூட என் வாயைப் பொத்துவாயே! கடலுக்குப் போகிறவன் வீட்டில் 'கடைசி' என்ற சொல்லே ஆகாது என்பாய். உங்கள் கப்பல் வராத இந்த மூன்று குளிர்காலமும் நான் அதைச் சொல்லவில்லை.

இன்று ராயாவோடு ரொட்டிக்கடை வரிசையில் நின்றேன். ஒரு சின்னப் பெண், புது மாலுமியின் மனைவி, பின்னால் வந்து, "வரிசை யாரோட முடியுதுக்கா?" என்றாள்.

"நான்தான் கடைசி" என்றேன்.

ராயாகூட என்னைத் திருத்தவில்லை.

உன்னுடையவள்