நாலாவது மெஷின்

இன்று காலை வகுப்பில் ஒரு மெஷினுக்கு ரிப்பன் மாற்றினேன். விரலெல்லாம் கறுப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் அந்த மை வாசனை போகவில்லை. கையை முகத்தருகே கொண்டுபோனதுதான் தாமதம், உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு மாதம்தான் ஆகிறது. மாம்பலத்து ஹைஸ்கூலில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், பெண்கள் எதிரில் அழலாமோ? ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நாம் படித்த மயிலாப்பூர் பள்ளிக்கூடத்தில் கமர்ஷியல் வகுப்பில் நாம் எட்டுப் பேர். மெஷினோ நாலு. வியாபாரக் கடிதம் எழுதும் பாடம் மத்தியானம். மெஷின் பழக்கம் காலையில், முதல் மணிக்கு முன்னால். அந்தக் காலைதான் உனக்கு வாய்க்கவில்லை. கட்டுமரங்கள் கரையேறுகிற நேரம் அது. உன் அம்மா ஏலத்தில் மீன் எடுப்பாள். எடுத்த கூடைக்கு நீ காவல். ஓட்டமும் நடையுமாக நீ வந்து சேரும்போது நாங்கள் மெஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டிருப்போம்.

"இன்னாம்மே, இன்னிக்கும் மூடிட்டீங்களா?" என்று வாசலிலேயே நிற்பாய். சிரித்துக்கொண்டுதான் கேட்பாய். ஆனால் உன் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும். "பாஸானா ஆபீஸு, இல்லாங்காட்டி கூடை" என்று உன் அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள்.

அதற்காகத்தான் ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மெஷினின் எழுத்துகளை வரிசை தப்பாமல் வட்டம் வட்டமாக வரைந்தேன். "இருக்கற அட்டையெல்லாம் எதுக்குடி வெட்டிண்டிருக்கே?" என்று என் அம்மா கத்தினாள். அட்டையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று பள்ளிக்கூடம் விட்டதும் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுப்பதில் அப்போதே எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒரு சனிக்கிழமை வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுச் சாந்தோம் கரைக்கு உன்னைப் பார்க்க வந்தேன். கூடைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாய். மடியில் அட்டை. பத்து விரலும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன. கண் மட்டும் காக்கைகள்மேல். குனிந்தால் ஒரு மீன் போய்விடும். "குந்தும்மே" என்றாய், என்னைக்கூடத் திரும்பிப் பார்க்காமல். எழுத்தைப் பார்க்காமல் விரலை ஓட்டுவதன் அருமை அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன் என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அரசாங்கப் பரீட்சைக்கு மெஷினை நாமே கொண்டுபோக வேண்டும். நாலு மெஷின் என்றால் நாலு பேர். அந்த நாலு பேர் யார் என்று பார்க்க டீச்சர் ஒரு சோதனை வைத்தார். ஒரே கடிதத்தை எட்டுப் பேரும் அடிக்க வேண்டும். மெஷின் முன்னால் நீ உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

டீச்சர் தாள்களைத் திருத்திப் பெயர்களை வாசித்தார். நாலாவது பெயர் என்னுடையது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு உன் தாளைத் தூக்கிக் காட்டினார். மேலே ஒரே ஒரு வரி, தப்பில்லாமல். அதன் கோடியில் ஒரு கறுப்பு ஓட்டை. மிச்சக் கடிதம் முழுவதும் ஒன்றின்மேல் ஒன்றாக அந்த ஒரே இடத்தில் விழுந்து காகிதத்தையே துளைத்திருந்தது. வகுப்பே சிரித்தது.

"வரி முடியும்போது மணி அடித்ததே, காது கேட்கவில்லையா?"

"கேட்டிச்சி டீச்சர். அதுக்கு இன்னா செய்யணும்னு தெரியல."

அட்டையில் ஏது மணி? அட்டையில் ஏது அடுத்த வரி? மணி அடித்தால் கைப்பிடியைத் தள்ளி உருளையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று உனக்குச் சொல்ல மறந்தவள் நான். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. காட்டிக்கொடுக்கவில்லை. அது பொறுக்காமல்தான் எழுந்தேன்.

"நான்தான் சொல்லித்தரலை, டீச்சர்."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உன்னைக் கூப்பிட்டுக் கைப்பிடியை ஒரே ஒரு முறை தள்ளிக் காட்டினார். "இன்னொரு தடவை அடி."

அடித்தாயே, அம்மாடி! பார்த்து அடிக்கக் கூடாதென்று எழுத்துகளை மறைத்துத் துணி போட்டிருந்தாலும் நாங்கள் ஏழு பேரும் அதைத் தூக்கித் தூக்கித் திருட்டுத்தனமாகப் பார்க்கிறவர்கள். உன் கண் கடிதத்தை விட்டு இறங்கவே இல்லை. மணி அடிக்கும், தள்ளுவாய், மறுபடி ஓடுவாய். ஒரு தப்பு இல்லை. டீச்சர் பட்டியலை எடுத்து நாலாவதாக இருந்த என் பெயரைக் கோடிட்டு அடித்துவிட்டு உன் பெயரை எழுதினார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். அம்மா கேட்டபோது, "பாவம்னு அவளுக்கு என் இடத்தை விட்டுக்கொடுத்துட்டேன்" என்றேன். அந்தப் பொய் அம்மாவிடமிருந்து அக்கம்பக்கம் போய், கடைசியில் உங்கள் குப்பம் வரை போயிற்று. உன் காதிலும் விழுந்தது. நீ சண்டைக்கு வருவாய் என்று பயந்தேன். "சொல்லிக்கோம்மே. தப்பில்லாம அடிச்சது நான்தானே?" என்று சிரித்தாய். அவ்வளவுதான்.

முதல் வகுப்பில் பாஸானாய். நான் அடுத்த தடவை எழுதி இரண்டாம் வகுப்பு. கடற்கரைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் நீ டைப்பிஸ்ட் ஆனாய். குடையும் கையுமாக டிராமுக்கு நின்றாய். வலை காயப்போடும் மணலை யாரோ வளைத்துப்போடப் பார்த்தபோது குப்பத்து மனுவை இங்கிலீஷில் அடித்துக்கொடுத்தவளும் நீதான். பதினைந்து வருஷம் அப்படி வாழ்ந்தவளை நாலு நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்கக் குப்பத்துக்கு வந்தேன். உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ குட்த்த எடத்தாலதாம்மா எம்பொண்ணு ஆபீஸு போனா" என்று ஊரார் முன்னால் என்னைக் கும்பிட்டாள்.

"இல்லம்மா. நான் விட்டுக்கொடுக்கலை. பொய் சொன்னேன். அவ என்னை ஜெயிச்சா. ஒரு தப்பு இல்லாம அடிச்சு, என்னைத் தள்ளிட்டுப் போனா."

உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து உரத்த குரலில் சொன்னாள்: "கேட்டீங்களாடி? எம்பொண்ணு ஜெயிச்சிக்கீறா! தோ குந்திக்கினு கீறாங்களே டீச்சரம்மா, இவங்களையே ஜெயிச்சிக்கீறா!"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம், என்னைத்தான் என்று தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.