ஹங்கேரிக்காரனும் ஐந்தாம் பலகையும்

மார்ச் 2, சனி

மகள் றூபினி போனில் ஏதோ போட்டுத் தந்திருக்கிறாள். நான் பேசுகிறேன், அது எழுதுகிறது. வானொலியில் செய்தி வாசிப்பது போலப் பேச வேண்டுமாம். எழுபத்தாறு வயதில் எனக்கும் ஒரு டயரி.

லண்டன் தோர்ண்டன் ஹீத் கோயில் மண்டபத்தில் இன்று செஸ். டொக்டர் வைத்தியநாதன் ஒரு புத்தகம் தந்தார். நூறு வருடத்துக்கு முந்திய ஹங்கேரி ஆட்டக்காரன் பிரையரின் கதை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கிளப்பில் அது ஒருவருக்கும் தெரியாது. வழக்கம்போல, கண்ணாடியை மறந்துவிட்டேன், நீங்களே வாசியுங்கோ, உங்கட குரல் நல்லது என்றேன். மனுசன் குளிர்ந்து போனார்.

மார்ச் 9

பிரையர் புடாபெஸ்டில் பிறந்தவன். இருபது வயதாகுமுன் நாட்டுக்கே சாம்பியன். வெளியே வந்த குதிரையைத் தொடங்கின கட்டத்துக்கே திருப்பி, பிறகு வேறு வழியால் விடுகிற யோசனை அவனுடையது என்கிறார்களாம். டொக்டருக்கு அது பைத்தியக்காரத்தனம். எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

மார்ச் 16

கதை முடிந்தது. 1921இல் இருபத்தைந்து பேரோடு ஒரே நேரத்தில், ஒரு பலகையையும் பாராமல் விளையாடினான். அதே வருடம் இதய நோயில் போய்விட்டான். இருபத்தெட்டு வயது. டொக்டர் இதய வைத்தியராக இருந்தவர். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நம்ம காலமா இருந்தா காப்பாத்தியிருப்பேன்" என்றார்.

"செஸ்ஸில உங்களை வெண்டுபோட்டுத்தான் கட்டிலால எழும்பியிருப்பான்" என்றேன்.

மார்ச் 20

கிளப்புகள் மோதுகிற குரோய்டன் லீக்குக்கு ஐந்து பேர் வேண்டும். நாலு பேர் சரி. ஐந்தாம் பலகைக்கு நானும் டொக்டரும் மோத வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் இருவரும் தாளில் எழுத வேண்டும், லீக் சட்டம் என்றான் செயலாளர் பிரதாபன்.

அந்த இடம் எனக்கு வேண்டும். ஜெர்மனி அகதி முகாமில் ஓர் ஈரான்காரன், பாஷை இல்லாமலே, இந்த விளையாட்டைக் காட்டித் தந்து முப்பத்தெட்டு வருடம். ஒரு நாளாவது சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு ஒரு கிளப்பின் பெயரில் போய் உட்கார வேண்டாமா? எழுத வராது என்று சொன்னால் — பொய்யெல்லாம் வெளியே வரும். டொக்டரின் முகத்தில எப்பிடி முழிக்கிறது?

மார்ச் 29, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் நின்றுகொண்டு செஸ் யோசித்தேன். ஆண்டவர் மன்னிக்க வேண்டும்.

ஏப்ரல் 6

இன்று டொக்டரோடு ஆட்டம். நகர்த்தலுக்கு ஒரு கோடாகத் தாளில் கீறிக் கையால் மறைத்துக்கொண்டேன். முப்பத்தொன்றாம் நகர்த்தலில் டொக்டரின் ராணி வசமாக மாட்டியிருந்தது. மனுசன் இருமிக்கொண்டு எழும்ப, கோட் தட்டிப் பலகை நிலத்தில்.

காய்களைத் திரும்ப வைக்கப் பிரதாபன் தாள்களைக் கேட்டான். டொக்டரின் தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தான். எழுதினவருக்கே அது விளங்கவில்லை. பிறகு என் தாள். கோடு, கோடு, கோடு.

"இதென்ன முத்தண்ணை?"

சொல்லிப்போட்டன். "எனக்கு எழுத வாசிக்க வராது தம்பி. கண்ணாடிக் கதை எல்லாம் பொய். ஆனா முழு விளையாட்டும் தலைக்குள்ள கிடக்கு."

முதல் நகர்த்தலில் இருந்து இரண்டு பக்கமும் நானே வைத்துக்கொண்டு வந்து முப்பத்தொன்றில் நிறுத்தினேன். டொக்டர் நினைத்திருந்தால் இல்லை என்றிருக்கலாம். ராணியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஆமா. என் ராணி அங்கதான் மாட்டிக்கிட்டு நின்னுது."

மேலும் எட்டு நகர்த்தலில் வென்றேன். எழுத ஏலாதவருக்காக வேறொருவர் எழுதலாமாம். எழுதுகிறவர் வாய் மட்டும் திறக்கக் கூடாதாம். பிரதாபன் சட்டத்தைத் தேடிப் பிடித்து, யார் எழுதுவீனம் என்று கேட்டான். டொக்டர் தன்னுடைய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 9

டொக்டர் போன் எடுக்கிறாரில்லை. இத்தனை சனிக்கிழமை தொண்டை வறள வாசித்த மனுசன். கோபம் இல்லாமல் இருக்குமா?

ஏப்ரல் 12

டொக்டர் கூப்பிட்டார். முதலில் நல்ல ஏச்சு. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று. பிறகு குரல் தாழ்ந்தது.

"அஞ்சு நாளா கையெழுத்துப் பழகுறேன் முத்து. கட்டம் போட்ட நோட்டுல. இன்னிக்குத்தான் வீட்டுல நிர்மலா படிச்சா, புரியுதாம்."

ஏப்ரல் 18, வியாழன்

குரோய்டனில் முதல் ஆட்டம். ஐந்தாம் பலகையில் நான், பக்கத்தில் பேனாவோடு டொக்டர். நாற்பத்தாறு நகர்த்தல், சமநிலை. நான் ஒரு பிழை விட்டபோது அவர் காது சிவந்தது, வாய் திறக்கவில்லை. மூன்று மணித்தியாலம்.

வீடு வந்து சப்பாத்துக் கழற்றவில்லை, அவருடைய மனைவி நிர்மலா போனில். அவர் உண்மையிலேயே பேசாமல் இருந்தாரா என்று கேட்டா.

ஓம் பிள்ளை, என்ர கண்ணால கண்டனான் என்றேன்.