இரண்டு காலத்துக் கவிதையும் ஒரு தாழிட்ட அறையும்

மார்ச் 3, திங்கள்

மாடி அறை உள்ளேயிருந்து தாழிடப்பட்டிருக்கிறது. சொன்னவர் தச்சர், காலையில் வந்து பார்த்தார். "உள்தாழ்ப்பாள் சார். ஆள் உள்ள இருந்தாத்தான் போட முடியும்." என் முகத்தைப் பார்த்தபின், "ஈரத்துல மரம் உப்பி, தானா விழுந்திருக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். இரண்டாவது எனக்காகச் சொன்னது. இத்தனை வருடம் செய்தி சேகரித்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

அது அத்தானின் அறை, அக்காவின் கணவர்; என்னை மச்சான் என்று கூப்பிட்ட ஒரே ஆள். அவர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. கதவை உடைக்க வேண்டாம் என்கிறாள் அக்கா.

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளிக்கிழமை கல்லூரியில் அக்காவின் கடைசி வகுப்பு. அதோடு பணி ஓய்வு. ஆங்கிலத்தின் ரொமாண்டிக் கவிதையையும் அதற்குப் பின்வந்த விக்டோரியா காலக் கவிதையையும் ஒப்பிட்டுப் பேசுகிறாள். மதியம் என்னை மாணவனாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தாள்.

"முன்னவங்க அருவியைப் பார்த்தா கண் கலங்குவாங்க. பின்னவங்க அருவிக்குப் பக்கத்துல ரயில் பாதை போடுவாங்க. போட்டுட்டு, அந்த ரயில்லயே உட்கார்ந்து கண் கலங்குவாங்க."

சிரித்தேன். மாடியிலும் யாரோ சிரித்தார்கள்.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. வகுப்பில் சிரிப்பு அடங்கக் காத்திருப்பதுபோல் சற்று நிறுத்தி, அடுத்த பத்திக்குப் போனாள்.

மார்ச் 5, புதன்

என் காது மட்டும் போதாது. ஒரே ஒருவர் சொன்னதை நான் எந்நாளும் அச்சுக்கு அனுப்பியதில்லை.

பக்கத்துக் கடைத் தையல்காரர் இரண்டு மாதம் முன்பு வந்தவர். அத்தானைப் பார்த்ததே இல்லை. எங்கள் மாடியில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"சத்தமெல்லாம் இல்ல சார். பெரியவர் சிரிக்கிறதுதான். டீச்சர் பாடம் எடுத்தா ரசிச்சு சிரிக்கிறாரு. என் வீட்டுக்காரி என் பேச்சுக்கு எங்க சிரிக்கிறா?"

எந்தப் பெரியவர் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்பதுதானே என் தொழில்?

மார்ச் 6, வியாழன்

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா நன்றாகச் சாப்பிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

வகுப்பு முடிந்தது. மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அக்கா வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன சொன்னே?" என்றேன்.

"சாவைப் பத்திச் சொன்னேன். முன்னவங்களுக்கு அது கூப்பிடற குரல். இனிமையாத்தான் இருக்கும், போயிடலாம்னு தோணும். பின்னவங்களுக்கு மூடின கதவு. வெளியில நின்னு வருஷக்கணக்கா அழுவாங்க, உள்ள ஏதாச்சும் இருக்கான்னு சந்தேகப்படுவாங்க, மறுநாள் காலையில வேலைக்குப் போயிடுவாங்க."

"நீ எந்தப் பக்கம்?"

"இவ்வளவு நாளும் வேலைக்குப் போனேன்ல தம்பி." முகம் தெளிவாக இருந்தது. "இன்னியோட அது முடிஞ்சுது."

மாடிக்குப் போகாதே அக்கா — சொல்லிவிட்டேன். இவளையும் விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

"உனக்கு எப்பவும் ஆதாரம் வேணும். நீ பின்னவங்க ஆளுடா" என்று என் தலையைத் தொட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மார்ச் 8, சனி

காலையில் அக்கா காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மாடி ஏறினாள். ஒரு விரலால் தட்டினாள். தட்டியது மட்டும்தான் அவள். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. நான் ஓடிச் சேர்வதற்குள் கதவு மூடி, மறுபடி தாழ் விழுந்துவிட்டது.

இடித்தேன். தோள் வலிக்கிறது; கதவு அசையவில்லை. உள்ளே அக்கா வகுப்பு எடுக்கிற குரலில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். கதவருகே நாற்காலி போட்டு இதை எழுதுகிறேன்.

"அக்கா, கதவை உடைக்க ஆள் வருது. நீயே திறந்துடு."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "வரட்டும், மச்சான்."

அக்கா என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள்.

வண்டி கிளம்பிவிட்டது என்று நிலையத்தில் உறுதி செய்தார்கள். பத்தரைக்குள் வந்துவிடும் என்கிறார்கள்.