காட்டெருமையும் அட்டையும் மோதிய அன்று

நேற்று மதியம் மூடுபனி வீட்டுக்குள் வந்துவிட்டது. துணியில் பூசணம் பிடிக்கக் கூடாதென்று அலமாரிக்குள் பல்பைப் போட்டு வைத்தேன். பல்பின் மேலிருந்த தூசி கருகி ஒரு வாடை வந்தது. செத்துப்போனவன் மேல் கோபம் ஆகாது என்கிறார்கள். எனக்கு அந்த வாடையோடு கோபம்தான் வந்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அது நம் கம்ப்யூட்டர் அறையின் வாடை. எண்பதுகளில் கொடைக்கானலில் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டருக்குப் பனிதான் எதிரி. பிளாப்பித் தட்டுகளில் பூசணம் பூத்தது. தட்டுகளை மரப்பெட்டியில் அடுக்கி, உள்ளே எந்நேரமும் ஒரு பல்பு எரியட்டும் என்று சொன்னவன் நான், பள்ளியின் எலெக்ட்ரீசியன். ஆசாரியைப் பிடித்துப் பெட்டி செய்ய வைத்தவன் நீ, ஆபீஸ் டைப்பிஸ்ட். இரண்டு பேருமே கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு வாத்தியார் ஒருவர் விட்டுப்போன தட்டுகளில் அந்த விளையாட்டு இருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் போனதும் நாம் உட்கார்ந்துவிடுவோம்.

விளையாட்டு என்பது பேருக்குத்தான். அது கொலைக்களம். பச்சைத் திரையில் ஒரு சதுர மைதானம், அதற்குள் இரண்டு ரோபோக்கள். அவற்றைக் கையால் ஓட்ட முடியாது. எதிரியை எப்படித் தேட வேண்டும், எப்போது சுட வேண்டும், அடிபட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே வரி வரியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பொத்தானைத் தட்டிய பிறகு, ஒன்று மற்றொன்றைக் கொல்வதைப் பார்ப்பதுதான் நம் வேலை. நான் சும்மா பார்த்ததில்லை. "அடிலே! மண்டையிலயே போடு!" என்று மேசையைக் குத்துவேன்.

"கத்தாதடா, அதுக்குக் காது வைக்கல" என்பாய் நீ.

என் ரோபோவுக்குக் காட்டெருமை என்று பெயர். பேத்துப்பாறையில் எங்கள் பீன்ஸ் தோட்டத்தை மிதித்துத் தள்ளிய காட்டெருமை எந்தச் சத்தத்துக்கும் பின்வாங்கியதில்லை. என்னுடையதும் அப்படித்தான். எதிரியைக் கண்டால் நின்ற இடத்திலேயே நின்று, ஒருவர் சாகும்வரை சுடும்.

நீ சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அப்பா அம்மாவோடு கப்பலில் இந்தப் பக்கம் வந்தவன். உன் ரோபோவின் பெயர் அட்டை. அது சுடவே சுடாது. ஓடிவந்து எதிரியின் விலாவில் ஒட்டிக்கொள்ளும். குண்டு வெடித்தால் பக்கத்திலிருக்கிற எல்லாவற்றையும் எரிக்கும் என்பது அந்த விளையாட்டின் விதி. ஒட்டிக்கொண்ட அட்டையைச் சுடுகிறவன் தன்னையும் சேர்த்துச் சுட்டுக்கொள்கிறான்.

"இதெல்லாம் ஒரு சண்டையாலே?" என்று கேட்டால் சிரிப்பாய். "தோட்டத்து அட்டைக்கிட்ட கத்தி இருந்திச்சா? ஆனா ரத்தம் என்னமோ நம்ம காலுலதான் வடிஞ்சிச்சு."

அந்த அறையை ஒருவர் பொறுப்பில் விடப்போகிறோம், அவருக்குத் தனிப் பதவி என்று பள்ளியில் சொன்னார்கள். சாவி கிடைத்தவன் கம்ப்யூட்டரோடு இருப்பான். மற்றவனுக்கு அந்தக் கதவு மூடிவிடும். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க" என்றார் மேனேஜர். பேசுவதற்கு என்ன இருந்தது? ஒரே ஆட்டம், ஜெயித்தவனுக்குச் சாவி என்று கைகொடுத்தோம்.

அன்று "நீயே மொதல்ல ஏத்து" என்று நாற்காலியை எனக்கு விட்டாய். நான் காட்டெருமையின் வரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நீ அடுத்து அட்டையை ஏற்றினாய். பொத்தானைத் தட்டினேன். காட்டெருமை சுட்டது. அட்டை சுவரோரமாக ஓடி, ஒரு குண்டை வாங்கிக்கொண்டு, வந்து ஒட்டிக்கொண்டது. காட்டெருமை விடாமல் சுட்டது. இரண்டும் ஒரே வெடிப்பில் சிதறின. திரையில் வந்த பெயர் அட்டை.

அது ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். நாம் ஏற்றிய வரிசையில்தான் கம்ப்யூட்டர் செத்தவர்களை நீக்கும். முதலில் ஏற்றிய என்னுடையதை முதலில் தூக்கிப் போட்டது. மிஞ்சிய பெயர் உன்னுடையது, அதுவும் பிணம்தான் என்று பார்க்காமலே அதை வென்றதாக எழுதிவிட்டது.

"ரெண்டு பேரையும் கொன்னது என் குண்டுதாம்லே. கொன்னவன்தான் ஜெயிச்சவன்" என்றேன்.

"தன்னையே சுட்டுக்கிட்டவனுக்கு மாலையா போடுவாங்க? சரி விடு. வரிசையை மாத்திப் போடு, இன்னொரு ஆட்டம் ஆடுவோம்."

"ஜெயிச்சவன் எதுக்குலே திரும்ப ஆடணும்? மொதல்ல ஏத்துன்னு எனக்கு எடம் விட்டியே, அப்பவே தெரிஞ்சுதானே விட்ட? கப்பல்ல வந்த பயலுக்கு இம்புட்டுச் சூதா?"

அந்தச் சொல்லுக்கு முதல் அடி உன்னுடையது. என் முன்பல் போயிற்று. உன் சட்டையைப் பிடித்து முகத்தைக் கதவு நிலையில் மோதினேன், மூக்கு உடைந்தது. வெளியே இழுத்துப் போட்டேன். பேரிக்காய் மரத்துச் சரிவில் கட்டிப் புரண்டோம். நீ என் காதைக் கடித்தாய். நான் உன் கழுத்தை நெரித்தேன், உன் கண் செருகும் வரைக்கும் விடவில்லை. தோட்டக்காரரும் சமையல்காரரும் வந்து பிய்த்து எடுத்தார்கள். சட்டைக் கையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "ரெண்டடி பின்னால போயிச் சுடுன்னு ஒரு வரி எழுதியிருந்தா, நீதான்டா ஜெயிச்சிருப்ப."

அடித்ததைக்கூட மன்னிப்பேன். அந்தப் புத்திமதியை மன்னிக்க மாட்டேன்.

சாவி உனக்குப் போனது. நான் பழையபடி கரண்டு கம்பத்துக்கும் ஒயருக்கும் திரும்பினேன். ஒரே பள்ளியில் ஓய்வு பெறும்வரை இருந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அறையில் பல்பு போனால் பியூனிடம் புதியதைக் கொடுத்தனுப்புவேன்.

போன மழைக்காலத்தில் நீ கன்னிவாடியில், மகள் வீட்டில், போய்விட்டதாகச் செய்தி வந்தது. வந்தேன். உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, ஒங்கள பாத்தா சொல்லச் சொன்னாரு. அந்த ஆட்டம் சமந்தானாம். ரெண்டு பேருமே செத்துட்டம்னு சொன்னாரு."

சமமா? இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, நான் எதிர்த்துப் பேச முடியாத இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டு, சமம் என்று சொல்லி அனுப்புகிறாயா? அங்கேயே உன்னை உலுக்கி எழுப்பியிருப்பேன். ஆள்கள் இருந்தார்கள்.

இதையும் தெரிந்துகொள். என் காட்டெருமையின் வரிகள் பாதி எனக்கு மறந்துவிட்டன. உன் அட்டையின் வரிகள் முழுக்க மனப்பாடம். சுவரோரம் எப்படித் திரும்பும், அடிபட்டதும் எந்தக் கோணத்தில் பாயும், எல்லாம் இருக்கிறது. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. அதைக் கொல்ல வழி தேடித் தேடி மண்டையில் ஏறியது. பின்வாங்காமல் கொல்ல ஒரு வழி இருக்கிறது, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன்.

அன்று ஜெயித்தது நான்தான். இல்லை என்றால் நேரில் வந்து சொல்லுலே.