வெந்நீர் ஊற்று மண்

ஜூன் 14, ஞாயிறு

துருக்கிக்குப் போய்வந்த பியூட்டி பார்லர் அக்காவைப் பார்க்கச் சாயங்காலம் போனேன். அங்கே பாமுக்கலே என்ற ஊரின் வெந்நீர் ஊற்றுகளையும், இடிந்து கிடக்கும் பழைய நகரத்தையும் போனில் காட்டினார்கள். அந்த ஊற்று மண்ணால் நோய் தீரும் என்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்கள். கோயில் புற்றுமண் நினைப்பில் நெற்றியில் இட்டு, மீதியை வாயில் போட்டுவிட்டேன்.

“ஏட்டி, அது மூஞ்சியில பூசுத மண்ணு! துருக்கியில போயி பிரசாதமா வாங்கிட்டு வருவேன்?”

அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அக்காவே தண்ணீர் கொடுத்து, “நாளையிலருந்து இங்கன வேலைக்கு வாரியா மக்கா?” என்று கேட்டார்கள். அதைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன்.

“அம்மா விடமாட்டாங்கக்கா.”

அனுப்பியதே அம்மாதான். வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்று அவளிடமும் பொய் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தையும் இப்படி ஒரு சிரிப்புக்குத்தான் விட்டேன்.