பம்பருக்கு வெச்ச பொட்டு

செவ்வாய். விடியறப்ப இருந்து மழ.

நீயே சொல்லு முருகா, இது ஒரு மாமியா பாக்குற வேலையா? கார் பம்பருக்குப் பூச்சு பூசுறது. நெசக் காரு கூட இல்ல. என் உள்ளங்கை நீளம், பிளாஸ்டிக்கு.

ஆனா செஞ்சுதேன் ஆகணும். மாப்ளைக்கு வேல போயி நாலு மாசம். இப்பத்தேன் இந்த வடக்கத்தி ஊருல சாக்கன் பக்கம் ஒரு கம்பெனி, இப்பிடிச் சின்னச் சின்னக் காரு செய்யுற எடமாம், "நீங்க செஞ்சது ஒண்ண எடுத்துக்கிட்டுத் திங்கக்கெழம வாங்க"ன்னு கூப்பிட்டிருக்கு. கூப்பிட்ட மறுநாளே ஸ்கூட்டரு சறுக்கி வலது கையில மாவுக்கட்டு. செல்விக்குக் காலைல ஏழு மணிக்கு ஹிஞ்சேவாடி ஆபீசுக்குக் கேப். பெத்த மக, ஆனா வீட்டுல இருந்தாத்தேன? அப்ப ரெண்டு கையும் நல்லா இருக்குறது யாருக்கு? எனக்குத்தேன்.

காருக்குச் செவப்பு, விழுறதுக்கு முன்னாடியே அடிச்சிட்டாக. பாக்கி பளபளக்குற சாமான். பம்பர் ரெண்டு, முன்னாடி கம்பி வல, கண்ணாடி ரெண்டு, சக்கர மூடி நாலு. அந்தப் பளபளப்புக்குக் குரோமுன்னு பேராம். கடப் பெட்டில வந்தப்பவே நல்லாத்தேன் இருந்துச்சு.

"ஏன் மாப்ள, இருக்குறத அழிச்சிட்டு அதையே திரும்பப் பூசுறதா?"

"நடுவுல கோடு பாருங்க அத்தை. அச்சு ஜாயின்ட். குரோம் மேல தேய்க்க முடியாது. அவங்க லென்ஸ் வெச்சிப் பாப்பாங்க."

துணி வெளுக்குற பிளீச்சுல ஊறப் போட்டேன். அர மணில பளபளப்பு அம்புட்டும் கரைஞ்சு, எலும்பு மாதிரி நிக்கிது. கெடுத்துட்டேனேன்னு மாப்ளைட்டத் தூக்கிட்டு ஓடுனேன். என் மூஞ்சியப் பாத்து அவுக சிரிச்சாக. விழுந்ததுல இருந்து இன்னிக்குத்தேன் சிரிப்பு.

மூணு தரம் சோப்பு போட்டும் கையில நாத்தம் போகல. அதே கையாலதேன் வெளக்கேத்துனேன். மன்னிச்சிரு.

புதன். தூறல்.

கோட்டத் தேச்சாச்சு. தண்ணி தொட்டு, உப்புத்தாள். பெறகு கருப்பு. கருப்புல மூஞ்சி தெரியணும், அப்பத்தேன் மேல குரோமு நிக்குமாம். பெயின்ட் ஊதுற மெஷினு டுர்ருங்குது. "ஹளூ ஹளூ அத்தை"ங்குறாக, இந்த ஊருப் பாஷைல மெதுவாவாம். வாசலுக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி வீசுனேன், வழிஞ்சிருச்சு. கோலப்பொடி விடுற மாதிரி கைய ஓட விட்டேன், படிஞ்சிருச்சு.

ஈரத்துக்குக் காயல. தூசி விழாம இட்லிச் சட்டியக் கவுத்து வெச்சிருக்கேன். அதனால ராத்திரிக்குத் தோச.

வாங்க: கறிவேப்பில, பல்லுக்குச்சி, வலி மாத்திர.

செல்வி போன்ல யார்ட்டயோ, "இப்போ எங்கம்மாதான் பெயின்டர்"னு சிரிக்கிறா. சிரிக்கட்டும். திங்கக்கெழமைக்கு இன்னும் அஞ்சே நாளுதேன்.

வியாழன். மழ கொஞ்சம் மட்டுப்பட்டுச்சு.

குரோமு அடிச்சாச்சு. மருந்து தண்ணியாட்டம் இருக்கு. ஊதுன மாதிரித்தேன் பட்டுச்சு, ஒரு நிமிசத்துல கருப்பு கண்ணாடியா மாறிருச்சு. என் மூக்குத்தி தெரியுது அதுல!

மாப்ள பாத்துக்கிட்டே இருந்தாக. "என் கையில கூட இப்பிடி வராது அத்தை." பொய்யாத்தேன் இருக்கும். ஆனாலும்.

பெறகு சொன்னாக, "தொடாதீங்க. ஒரு விரல் கூட. மங்கிடும். மருந்தும் இவ்ளோதான்." பாட்டில் அடியில ஒரு கரண்டி மிச்சம்.

வெள்ளி. ஆடி வெள்ளி. நல்ல மழ.

எழுதக் கை வரல.

காருன்னா காருதேன முருகா? ஒரு வண்டி வாசலத் தாண்டுறப்பச் சந்தனங்குங்குமம் இல்லாம எந்த வீட்டுல அனுப்புவாக? அதுவும் சோலியத் தேடிப் போற வண்டி. சக்கரத்துக்கு அடில வெக்க எலுமிச்சம்பழமும் எடுத்தேன். காருல பாதி இருக்கு பழம். ஒன் படத்துக்கு முன்னாடியே திரும்ப வெச்சிட்டேன். பொட்டு மட்டும். முன் பம்பர்ல, மோதிர வெரலால, ஒண்ணே ஒண்ணு.

அவுக கண்ணுல படுமேன்னு முந்தானையால ஒத்தி எடுத்தேன். குரோமும் கூடவே வந்திருச்சு. நடுவுல கருப்பா ஒரு ஓட்ட.

அவுக மாத்திர போட்டுத் தூங்குறாக. எந்திரிக்கிறதுக்குள்ள கரைச்சிட்டுத் திரும்ப அடிச்சிரலாம்னு பிளீச்சுல போட்டேன். ரெண்டு மணி நேரம். அசையல. அது கம்பெனிக் குரோம மட்டுந்தேன் திங்கும் போல.

செல்வி போன். "அம்மா, நீ எதையும் தொடலல்ல?"

"நான் ஏண்டி தொடுறேன்."

ஆடி வெள்ளியும் அதுவுமா பொய்.

சனி. விட்டு விட்டு மழ.

காப்பி குடுக்குறப்பவே சொல்லிட்டேன். சட்டியத் தூக்கிப் பாத்தாக. பம்பர வெளிச்சத்துல காட்டித் திருப்பித் திருப்பிப் பாத்தாக. வஞ்சிருந்தாக் கூடத் தேவல.

"பொட்டா அத்தை?"

"ஆமா மாப்ள."

"பின் பம்பருக்கு?"

"வெக்கல."

"பாவம். அதுக்கு மட்டும் ஆசீர்வாதம் இல்ல."

சிரிக்கிறாகளா என்னன்னு எனக்குத் தெரியல. நான் அழுதுட்டேன்.

ஊசி போட்டாத் தொடைக்கிற ஸ்பிரிட்டு, அதுலதேன் போகுமாம். பஞ்சுல தேச்சா குரோமு, கருப்பு ரெண்டும் வந்துச்சு. மறுபடி உப்புத்தாள். மறுபடி கருப்பு. குச்சில குத்தி அவுக இடது கையால புடிச்சாக, நான் அடிச்சேன்.

செல்விதேன் மூஞ்சி குடுக்கல. "இது அவருக்கு எவ்வளவு முக்கியம்னு தெரியுமா உனக்கு?" தெரியாமயாடி வெச்சேன்? தெரிஞ்சதுனாலதேன வெச்சேன்.

ஞாயிறு. மதியம் ரெண்டு மணி நேரம் வெயில். ஒன் புண்ணியம்.

குரோமு அடிச்சோம். பாட்டிலக் கவுத்தா ஒரு சொட்டு இல்ல. ஆனா முழுசா வந்திருச்சு. மூக்குத்தி தெரியுது. ரெண்டு நாளு காயணுமாம். இருக்குறது ஒரு பொழுது. இனி ஏதாவது ஆனா அம்புட்டுத்தேன்.

அந்த ரூம்புப் பக்கமே போகல. எட்ட நின்னு கும்பிட்டேன்.

திங்கள். மழ.

கா. 8. பம்பர அவுகளே இடது கையால இடுக்கி வெச்சு ஒட்டுனாக. மூச்சு விடல ரெண்டு பேரும். அட்டப்பெட்டி, அடில பஞ்சு. செல்வி லீவு போட்டுக் கூடப் போறா. ரோடெல்லாம் குழி. "தீரே சலாவோ பையா", மெதுவா ஓட்டுப்பான்னு டாக்சி டிரைவர்ட்ட நானே சொன்னேன்.

காரத் தொடல. சத்தியமா ஒரு வெரல் படல.

கா. 9.30. ரெண்டு பேரும் போன எடுக்கல.

கா. 10. இந்நேரம் உள்ள கூப்பிட்டிருப்பாக. உக்கார முடியல. ரசமாவது வெப்போம்னு எந்திரிச்சேன். ஒன் படத்துக்கு முன்னாடி வெச்ச எலுமிச்சம்பழத்தக் காணோம். அலமாரி, பிரிட்ஜு, எங்கயும் இல்ல.

ஐயோ முருகா. காலைல அவுக சட்ட மாத்தப் போனப்ப, காரத்தேன தொடக் கூடாதுன்னு, அந்தப் பழத்தப் பெட்டிக்குள்ள வெச்சேன். முன் பம்பருக்கு நேரா. கட்டாம, சும்மா. மூடியும் நாந்தேன் போட்டேன்.